கெலிமுத்து: நிறம் மாறும் மூன்று மலை ஏரிகள்

கெலிமுத்து என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்கும் தமிழர் எவரும் அது நம் ஊர்ப் பெயர் என்றே எண்ணுவர். விடுதியில் என் தோழர்கள் சிலர், “யார் அந்த முத்து?” என்று கேலிகூடச் செய்தனர். உண்மையில் நம் முத்துக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் வாழும் லியோ இன மக்களின் மொழியில் ‘கெலி’ என்றால் மலை. ‘முத்து’ என்றால் கொதித்தல். கொதிக்கும் மலை என்பதே அப்பெயரின் பொருளாகும்.

கடல் மட்டத்திலிருந்து 1,639 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலையின் உச்சியில் மூன்று ஏரிகள் அருகருகே அமைந்துள்ளன. மூன்றும் மூன்று நிறங்கள். அதைவிட வியப்பு என்னவென்றால், அந்நிறங்கள் நிலையானவை அல்ல. இன்று பச்சையாக இருக்கும் ஏரி சில மாதங்களில் நீலமாகலாம், சிவப்பாகலாம், கறுப்பாகவும் ஆகலாம். ஒன்று மாறும்போது மற்ற இரண்டும் மாறாமல் இருப்பதும் உண்டு. சென்ற நீண்ட விடுமுறையில், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், நாங்கள் நால்வர் இம்மலைக்குச் சென்று வந்தோம். அங்குக் கண்டதையும், கண்டபின் தேடிப் படித்து அறிந்துகொண்டதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமைவிடமும் பயணமும்

ஃபுளோரஸ், பாலித் தீவுக்குக் கிழக்கே உள்ள நீண்ட தீவு. அது கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தைச் சேர்ந்தது. ‘மலர்கள்’ எனப் பொருள்படும் அப்பெயர் போர்த்துகீசியர் இட்டது. தீவு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்துவர்கள்.

மலேசியாவிலிருந்து பாலி வழியாக உள்நாட்டு விமானத்தில் எண்டே அல்லது மௌமெரே நகரை அடையலாம். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் மலைச்சாலையின் நடுவே மோனி என்னும் சிற்றூர் உள்ளது. மலையேறுவோர் அனைவரும் தங்கும் இடம் இதுவே. எண்டேயிலிருந்து மோனிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். தூரம் அதிகமில்லை, வளைவுகள்தாம் அதிகம். கேமரன் மலைக்குப் பழைய தாப்பா சாலையில் சென்றவர்களுக்கு இதைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று.

எண்டே நகருக்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்னோவை டச்சுக்காரர்கள் 1934 முதல் 1938 வரை இந்நகருக்குத்தான் நாடு கடத்தி வைத்திருந்தனர். அங்கு ஒரு சுக்குன் மரத்தடியில் அமர்ந்து சிந்தித்த சிந்தனையே பின்னர் பஞ்சசீலக் கொள்கையாக மலர்ந்தது என்று கூறுகின்றனர். மரம் இருந்த இடம் இன்று பூங்காவாக உள்ளது.

மலாய்மொழி தெரிந்த நமக்கு அங்குப் பேச்சுவழக்கில் பெரிய சிக்கல் எழுவதில்லை. ஆயினும் கவனம் தேவை. நாம் ‘இலவசம்’ என்னும் பொருளில் சொல்லும் ‘பெர்ச்சுமா’ அங்கு ‘பயனற்றது’ எனப் பொருள்படும். கடைக்காரரிடம், “இந்தத் தேநீர் பெர்ச்சுமாவா?” என்று எங்களில் ஒருவர் கேட்க, அவர் முகம் சுருங்கியது. பிறகு விளக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். பெரியவர்களை அங்கு ‘ஓம்’ என்று அழைக்கின்றனர். அது நம் ஓம் அன்று. டச்சு மொழியிலிருந்து வந்த, மாமா என்னும் பொருள் தரும் சொல்.

அங்கு மணியும் நம் மணியேதான். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஃபுளோரஸ் நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்திக்கொள்கிறது. கோலாலம்பூரில் ஏழு மணிக்கு விடிகிறது என்றால் அங்கு ஆறு மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும். எனவே அதிகாலை நான்கு மணிக்கே மோனியிலிருந்து புறப்பட வேண்டும். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் உச்சி. பாதை எளிமையானது, இறுதிப் பகுதியில் படிக்கட்டுகள் உள்ளன. உச்சியில் உள்ளூர்ப் பெண்கள் சுடுநீர்க் குடுவையோடு அமர்ந்து கோப்பியும் இஞ்சித் தேநீரும் விற்கின்றனர். அந்தக் குளிரில் அந்த ஒரு குவளைக்கு ஈடே இல்லை எனலாம்.

மூன்று ஏரிகள்

‘திவு’ என்றால் ஏரி. மேற்கே சற்றுத் தனித்து நிற்பது திவு அத்தா ம்பூப்பு, அதாவது முதியோர் ஏரி. கிழக்கே இரண்டு ஏரிகள் ஒட்டி அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று திவு நுவா மூரி கோஓ ஃபாய்; இளைஞர் கன்னியர் ஏரி. மற்றொன்று திவு அத்தா போலோ. சூனியக்காரர் ஏரி என்று பொருள் கொள்ளலாம். இவ்விரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய பாறைச்சுவர் மட்டுமே. மூன்றினுள் ஆழமானது இளைஞர் ஏரி. அதன் ஆழம் சுமார் 127 மீட்டர். மற்ற இரண்டும் அறுபது மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம் கொண்டவை.

நாங்கள் சென்றபோது இளைஞர் ஏரி பால் கலந்த நீலப்பச்சையாக இருந்தது. சுவர்ச் சாயத்தை வாளியோடு கவிழ்த்து விட்டாற்போல் அசைவின்றிக் கிடந்தது. பக்கத்திலிருந்த சூனியக்காரர் ஏரியோ கோப்பி ஓ நிறம். முதியோர் ஏரி கரும்பச்சை. ஒரே மலை, ஒரே மழை, ஒரே வானம். ஆனால் ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும் வெவ்வேறு நீர். இது எப்படி?

நிறம் மாறுவது ஏன்?

எரிமலை வெடிக்கும்போது அதன் உச்சிப் பாறை சிதறிப் பள்ளம் உண்டாகிறது. வெடிப்பு அடங்கியபின் அப்பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் அது எரிமலைவாய் ஏரி எனப்படும். கெலிமுத்துவில் அத்தகைய பள்ளங்கள் மூன்று உள்ளன. ஆனால் மலை இன்னும் அணைந்துவிடவில்லை. ஏரிகளின் அடியிலுள்ள பிளவுகள் வழியே, பாறைக்குழம்பிலிருந்து பிரியும் வளிகள் தொடர்ந்து மேலே வருகின்றன. கந்தக வளிகளும் ஹைட்ரஜன் குளோரைடும் நீரில் கரைந்து கந்தக அமிலமாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறுகின்றன. இளைஞர் ஏரியின் நீர் எலுமிச்சைச் சாற்றுக்குக் குறையாத புளிப்பு உடையது. அந்த அமிலம் சுற்றியுள்ள பாறையை அரித்து, அதிலுள்ள இரும்பு முதலிய உலோகங்களை நீரில் கரைத்துவிடுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். ஐந்தாம் படிவத்தில் வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு சோதனை நினைவிருக்கும். இளம்பச்சையான இரும்பு சல்பேட்டுக் கரைசலில் புரோமின் நீரை விட்டால் கரைசல் பழுப்பு நிறம் அடையும். இரும்பு அப்படியே இருக்கிறது. அது எலெக்ட்ரானை இழந்தவுடன் நிறம் மாறுகிறது. இதைத்தான் ஆக்சிஜனேற்றம் என்கிறோம். தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் ‘ஒக்சிஜென்’ ஆனது. இவ்விரண்டையும் இணைத்து ஒரு பெரிய பாத்திரத்தில் பார்த்தது கெலிமுத்துவில்தான். ஏரியில் ஆக்சிஜனேற்றம் மிகும்போது நீர் செம்பழுப்பாகவும் கருமையாகவும் தோன்றுகிறது. அது குறையும்போது பச்சை நிறம் மேலோங்குகிறது. கந்தகம் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நீரில் மிதந்தால், ஒளி சிதறிப் பால் போன்ற வெளிறிய நீலம் கிடைக்கிறது.

ஆகவே ஒவ்வோர் ஏரியின் நிறத்தையும் முடிவுசெய்பவை இரண்டு: கீழிருந்து வரும் வளியின் அளவு, மேலிருந்து விழும் மழையின் அளவு. மூன்று ஏரிகளுக்கும் மழை ஒன்றுதான். ஆனால் அடியிலுள்ள பிளவுகள் வெவ்வேறு. ஒன்றின் அடியில் வளி பொங்கும் காலத்தில் மற்றொன்றின் அடியில் அடங்கியிருக்கலாம். அதனால்தான் அவை தனித்தனியே நிறம் மாறுகின்றன. அடுத்து எந்த ஏரி எந்த நிறம் அடையும் என்று நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது.

இந்தோனேசியா 1992-இல் வெளியிட்ட 5,000 ரூப்பியா தாளின் பின்புறத்தில் இம்மூன்று ஏரிகளும் அச்சிடப்பட்டிருந்தன. அத்தாள் இன்று புழக்கத்தில் இல்லை. அதிலுள்ள நிறங்களோடு மலையை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிச் செல்வோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்நிறங்கள் பலமுறை மாறிவிட்டன.

இறந்தோர் வாழும் இடம்

இதுவரை சொன்னது வேதியியல் தரும் விளக்கம். லியோ மக்கள் தரும் விளக்கம் வேறு.

மனிதர் இறந்ததும் அவரது ஆன்மா ஊரை விட்டு நீங்கிக் கெலிமுத்துவை வந்தடைகிறது என்பது அவர்களது நம்பிக்கை. மலை வாயிலில் கொண்டே ராத்து என்னும் காவலர் இருக்கிறார். வயதையும் வாழ்ந்த வாழ்வையும் கொண்டு ஆன்மா எந்த ஏரிக்குச் செல்லும் என்பது முடிவாகிறது. முதுமையில் இறந்தவர் முதியோர் ஏரிக்கும், இளமையில் மாண்டவர் இளைஞர் ஏரிக்கும், தீயவழியில் வாழ்ந்தவர் சூனியக்காரர் ஏரிக்கும் செல்வர். ஏரி நிறம் மாறினால் முன்னோர் ஏதோ சொல்ல விழைகின்றனர் என்று பொருள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 14ஆம் நாள் மலையுச்சியில் ‘பாத்தி கா’ என்னும் சடங்கு நடைபெறுகிறது. முன்னோருக்கு உணவளித்தல் என்பது இதன் கருத்து. மொசாலாக்கி எனப்படும் ஊர்ப்பெரியவர்கள் மரபு உடையணிந்து சோறு, பன்றி இறைச்சி, கள்ளிலிருந்து வடித்த சாராயம், வெற்றிலை பாக்கு, சுருட்டு ஆகியவற்றைக் கல்பீடத்தில் படைப்பர். பின்னர் அனைவரும் கைகோத்து வட்டமாக நின்று ‘கவி’ நடனம் ஆடுவர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர்களும் இதில் கலந்துகொள்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சடங்கைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் எங்கள் வாகன ஓட்டுநர். படைக்கும் பொருள்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் நடக்கும் படையலும் இதுதானே! தாத்தாவுக்கு ஆட்டுக்கறியும் ஒரு போத்தல் பீரும் சுருட்டும், பாட்டிக்கு வெற்றிலை பாக்கும். நான் அதைச் சொன்னதும் அவர் மகிழ்ந்து, “அப்படியா? நீங்கள் எந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் படைப்பீர்கள்?” என்று கேட்டார்.

“வீட்டில்தான் ஓம், படத்துக்கு முன்னால்,” என்றேன்.

“அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகமாட்டீர்களா?”

அதற்கு நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. என் தாத்தாவும் பாட்டியும் தாங்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள். நான் பிறப்பதற்கு முன்பே தோட்டம் விற்கப்பட்டது, மக்கள் சிதறினர். இடுகாடு இருந்த மேடு சமன் செய்யப்பட்டு இன்று அங்கு வீடமைப்புப் பகுதி உள்ளது. அப்பாவுக்கு இடம் ஏறக்குறைய தெரியும். நெடுஞ்சாலையில் அவ்வழியே செல்லும்போது அவர் வாகனத்தின் வேகத்தைக் குறைப்பார், அவ்வளவே. இதையெல்லாம் என் மலாயில் சொல்லி முடித்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்களுடையவர்களை யாரும் பெயர்க்க முடியாது. மலையைப் பெயர்த்தால்தான் உண்டு,” என்றார்.

இரு விளக்கங்களும் மோதுகின்றனவா?

வேதியியல் தெரிந்தவுடன் நம்பிக்கை பொய்யாகிவிடும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். பட்டப்படிப்புக்கு வந்தபின் வீட்டுப் படையலில் கைகட்டி விலகி நிற்கும் நண்பர்களை நான் அறிவேன். கெலிமுத்துவைக் கண்டபின் இது குறித்து எனக்கு வேறு எண்ணம் தோன்றுகிறது.

ஏரி ஏன் சிவக்கிறது என்னும் கேள்விக்கு இரும்பும் கந்தகமும் விடை தருகின்றன. அவ்விடையை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் இறந்துபோன அம்மாவை எங்கு நினைப்பது என்னும் கேள்விக்கு வேதியியல் நூலில் விடை இல்லை. அக்கேள்வியை அது எழுப்புவதும் இல்லை. லியோ மக்கள் அதற்கு ஓர் இடத்தைக் காட்டுகின்றனர். மேலும், நிறமாற்றத்தைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கத்தை அந்நம்பிக்கையே தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்துள்ளது. 1915-இல் வான் சுக் தெலன் என்னும் டச்சுக்காரர் இவ்வேரிகளைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகின்றனர். அவர் வருவதற்கு முன்பே மூன்றுக்கும் பெயரிட்டு, அவற்றின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இம்மக்கள்தாம்.

நிறத்தைக் கவனிப்பது வெறும் அழகுணர்ச்சிக்காக மட்டுமன்று. 1968-இல் இம்மலையில் நீராவி வெடிப்பு நிகழ்ந்தது. 2024 மே மாதத்தில், ஏரிகளில் தென்பட்ட மாற்றங்களை அடுத்து எரிமலை ஆய்வு மையம் கெலிமுத்துவின் எச்சரிக்கை நிலையை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர்த்தியது. பெரியவர்கள் பார்ப்பதும் ஆய்வாளர்கள் பார்ப்பதும் ஒரே நீரைத்தான்.

பூங்காவும் அதன் எதிர்காலமும்

1992-இல் கெலிமுத்து தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஃபுளோரஸைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் 2,000-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. பூங்காவின் பரப்பு 5,000 ஹெக்டருக்குச் சற்று அதிகம். நம் தாமான் நெகாராவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் இங்கு மட்டுமே வளரும் செடிகள் உள்ளன. ‘ஊத்தா ஒங்கா’ என உள்ளூரில் வழங்கும் பெகோனியாச் செடி இம்மலையின் பெயரையே தன் அறிவியல் பெயராகத் தாங்கியுள்ளது. விடியற்காலையில் ‘கருகிவா’ என்னும் சிறு பறவை விதவிதமான குரலில் பாடுவதை நடைபாதையிலேயே கேட்கலாம்.

பூங்கா ஆனதால் ஏரிகளைச் சுற்றிக் கட்டடங்கள் எழவில்லை. சடங்கும் உரிய இடத்திலேயே நடக்கிறது. ஆயினும் மலையின் வெப்பத்துக்கு வேறு தேவையும் வந்துவிட்டது. 2017-இல் இந்தோனேசிய அரசு ஃபுளோரஸைப் புவிவெப்பத் தீவாக அறிவித்தது. கெலிமுத்துவுக்கு அருகிலுள்ள சொக்கோரியாவில் நிலத்தடி நீராவியிலிருந்து 2022 முதல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. தீவுக்கு மின்சாரம் தேவை. நிலக்கரியைவிட இது தூய்மையானது என்பதும் உண்மை. மறுபுறம், விளைநிலமும் நீரூற்றும் மரபுநிலமும் பாதிக்கப்படும் என்று ஊர்மக்கள் பலர் அஞ்சுகின்றனர். எண்டேயின் பேராயர் 2025-இல் இத்திட்டங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இதில் எது சரி என்று மூன்று நாள் தங்கிய நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் முடிவெடுக்கும்போது, அம்மலையில் தம் முன்னோர் வாழ்வதாக நம்புவோரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நம் தோட்டங்களே காட்டிவிட்டன.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அப்போது செல்வதே நலம். மழைக்காலத்தில் ஏரிகளை மூடுபனி மறைத்துவிடும். எந்தக் காலமாயினும் காலை நேரமே சிறந்தது. பொழுது ஏற ஏற மேகம் சூழ்ந்துவிடும்.

புறப்படும் முன் எரிமலை எச்சரிக்கை நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 நவம்பரில் அதே தீவின் கிழக்கிலுள்ள லெவோதோபி எரிமலை வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பாலிக்கான விமானச் சேவைகளும் தடைப்பட்டன. ஆகவே பயணத் திட்டத்தில் ஓரிரு நாள்களைக் கூடுதலாக ஒதுக்குவது அறிவுடைமை.

தடுப்புக் கம்பிகளைத் தாண்டாதீர்கள். ஏரிக்கரை செங்குத்தானது, மண் உதிரும் தன்மையுடையது. கீழே இருப்பது நீந்திக் கரையேறக்கூடிய நீரன்று, அமிலம். நல்லதொரு புகைப்படத்துக்காக விளிம்பில் நிற்போரை நாங்கள் அங்குக் கண்டு பதறினோம். கந்தக நெடி மிகுந்தால் உடனே கீழிறங்கிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளோர் மருந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.

ஏரிக்குள் கல்லெறிவது, உரக்கக் கத்துவது, கல்பீடத்தில் ஏறி அமர்வது ஆகியவற்றைத் தவிருங்கள். நம் குலதெய்வக் கோவிலில் பிறர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படி நடந்துகொண்டால் போதும். மோனியிலேயே ஓரிரவு தங்கி, அவ்வூர் மக்களின் வாகனத்தையும் வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டால் நம் பணம் மலையைக் காப்போரின் கைக்கே சேரும்.

நிறைவாக, நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் கெலிமுத்து செல்ல வாய்ப்பிருந்தால் சென்று வாருங்கள். வாய்ப்பில்லாதோர் உங்கள் அப்பாவிடமோ பாட்டியிடமோ அமர்ந்து, நம் முன்னோர் எந்தத் தோட்டத்தில், எந்த மேட்டில், எந்த மரத்தடியில் அடக்கமாகியுள்ளனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். நமக்கு அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர்.